மூளையில் ஓட்டை போடும் புரதம்: பிரியான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிறேன். பாடத்தில் பிரியானுக்கு ஒதுக்கியிருப்பது நாலைந்து வரிதான். ஆனால் அதை நடத்திய வாரமெல்லாம் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லி, அவர்கள் அம்மாக்கள் என்னிடம் கேட்டு, கறிக்கடை வரைக்கும் பேச்சுப் போய்விடும். போதாததற்கு, ‘ஆட்டு மூளை சாப்பிட்டால் உங்கள் மூளையில் ஓட்டை விழும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அவ்வப்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே சந்தேகங்களுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

1. டீச்சர், பிரியான்னா வைரஸ் மாதிரி ஒரு கிருமியா?

கிருமி இல்லை. வைரஸுக்கு உயிர் உண்டா இல்லையா என்று வாதாடலாம், ஆனால் அதற்குள் டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ கட்டாயம் இருக்கும். பிரியானில் அதுகூட இல்லை. அது வெறும் புரதம். நம் உடம்பே செய்கிற ஒரு புரதம் வேறு வடிவத்துக்கு மாறி, பக்கத்தில் இருக்கும் தன் இனத்தையும் அதே வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினால், அப்படி மாறிப்போன புரதத்தைத்தான் பிரியான் என்கிறோம்.

இதை ஆரம்பத்தில் யாரும் லேசில் நம்பவில்லை. செம்மறி ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி என்ற நோயின் காரணியை, மரபணுப் பொருளைச் சிதைக்கும் கதிர்வீச்சில் காட்டிய பிறகும் அது நோயைத் தந்தது. லண்டனில் டிக்வா ஆல்பர் குழுவினர் 1967ல் இதை எழுதினார்கள். அதே ஆண்டில், புரதமே தன்னைப் பெருக்கிக்கொள்ள வழி இருக்கலாம் என்று கிரிஃபித் என்ற கணிதக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1982ல் ஸ்டான்லி புரூசினர் அந்தக் காரணிக்குப் பிரியான் என்று பெயர் வைத்தார். பல வருடம் கேலியும் எதிர்ப்பும் பார்த்த பிறகு 1997ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2. நம்ம உடம்புலயே இருக்குதுங்கிறீங்க. அப்போ அது அங்க என்ன வேலை பார்க்குது?

இந்தப் புரதத்துக்கான மரபணு நமக்கு 20-வது குரோமோசோமில் இருக்கிறது, பெயர் பிஆர்என்பி. செல் முதலில் 253 அமினோ அமிலம் நீளத்துக்குச் சங்கிலியைச் செய்கிறது. பிறகு இரண்டு முனையையும் வெட்டிவிட்டு, மிச்சத்தில் சர்க்கரைக் கிளைகளை ஒட்டி, கொழுப்பு நங்கூரம் ஒன்றைக் கட்டி, செல்லின் மேல்தோலில் நிறுத்துகிறது. நரம்பு செல்களில்தான் இது அதிகம். தாமிர அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இதில் உண்டு. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை வயதாகும்போது கெடாமல் இருக்க இது தேவை என்று எலிச் சோதனைகள் காட்டுகின்றன.

ஆனால் இது இல்லாவிட்டால் உயிர் போய்விடாது. நார்வேயில் சில பால் ஆடுகளுக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் கிடையாது. அவை மற்ற ஆடுகளைப் போலவேதான் வளர்கின்றன. ஆய்வகத்தில் இந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு 1993ல் ஸ்கிரேப்பி கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கு நோயே வரவில்லை. மாற்றுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் பிரியானுக்கு வேலை இல்லை. இதை நினைவில் வையுங்கள், 18-லும் 19-லும் தேவைப்படும்.

3. தப்பா மடியுதுன்னு சொல்றீங்களே, மடியுறதுன்னா என்ன? துணியா அது?

புரதம் ஒரு நீளச் சங்கிலி. செய்து முடித்த கையோடு அது சுருண்டு, மடங்கி, தனக்கென்று ஒரு வடிவம் எடுக்கும். எண்ணெய்க் குணமுள்ள அமினோ அமிலங்கள் தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளியும், தண்ணீரை விரும்புபவை வெளியே நிற்கும். அந்த வடிவத்தை வைத்துத்தான் அதன் வேலை. நல்ல நிலையில் இருக்கும் பிரியான் புரதத்தைப் பார்த்தால், முன்பாதி கட்டில்லாமல் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கும். பின்பாதியில் மூன்று ஆல்ஃபா சுருள்களும் இரண்டே இரண்டு குட்டி பீட்டா இழைத்துண்டுகளும் சேர்ந்து கச்சிதமாக நிற்கும். அதில் இரண்டு சுருள்களைக் கந்தகப் பிணைப்பு ஒன்று சேர்த்துப் பிடித்திருக்கும்.

கெட்ட வடிவத்தில் சுருள்கள் காணாமல் போகின்றன. சங்கிலியின் நடுவிலிருந்து கடைசி வரைக்கும் எல்லாம் நீண்டு, வளைந்து வளைந்து, ஒரே தளத்தில் தட்டையாகப் படுத்துவிடுகிறது. அப்படித் தட்டையான ஒரு மூலக்கூறின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அச்சுப் பிசகாமல் உட்காருகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 4.8 ஆங்ஸ்ட்ரம் இடைவெளி. மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் நீளமான பொருள்தான் அமிலாய்டு இழை. மூளையில் உண்டான பிரியான் இழையை இந்த நுணுக்கத்தோடு பார்க்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் முடிந்தது.

கவனிக்க வேண்டியது: அமினோ அமில வரிசையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சங்கிலி அதேதான், படுத்திருக்கும் விதம்தான் வேறு. பரீட்சையில் ‘பிரியான் என்பது புரதத்தின் திடீர் மாற்றம் (மியூட்டேஷன்)’ என்று எழுதுபவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

4. ஒண்ணு கெட்டுப்போனா மத்ததெல்லாம் ஏன் சேர்ந்து கெடணும்?

மொத்த விஷயத்தின் உயிர்நாடி இந்தக் கேள்வி. நல்ல வடிவத்துக்கும் இழை வடிவத்துக்கும் நடுவே ஒரு பெரிய மேடு இருக்கிறது. தனியாக ஒரு மூலக்கூறு அந்த மேட்டைத் தாண்டுவது மிக அபூர்வம். தாண்டினாலும் துணைக்கு ஆள் இல்லாவிட்டால் நிலைக்காது. சில மூலக்கூறுகள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒரு சிறு அடுக்காகிவிட்டால்தான் நிலைக்கும். அந்த முதல் அடுக்கை விதை என்கிறார்கள். விதை உண்டானபின் கதையே வேறு. இழையின் முனை ஒரு அச்சாகிறது. அங்கே வந்து மோதும் நல்ல மூலக்கூறு அந்த அச்சுக்கு ஏற்பக் குலைந்து, படிந்து, தானே புது முனையாகிவிடுகிறது.

வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் நன்றாகச் சுண்டியும் முதல் பரல் விழச் சுணங்கும். விழுந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று உப்புக் கட்டும். பரல்களை உடைத்துக் கிளறிவிட்டால் ஒவ்வொரு துண்டும் புதுப் பரலுக்கு இடம் கொடுக்கும். பிரியான் இழையும் உடைகிறது. இழை ஒன்று இரண்டானால் வளரும் முனைகள் இரட்டிப்பாகின்றன, அவையும் வளர்ந்து உடைகின்றன. இழை நீள்வதால் மட்டும் இப்படிப் பெருகாது. உடைவதால்தான் கணக்கு இரண்டு, நான்கு, எட்டு என்று ஏறுகிறது.

இந்த நோய்கள் பல வருடம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, வெளியே தெரிந்ததும் சில மாதங்களில் ஆளைச் சாய்ப்பதற்கு இந்தப் பெருக்கம் ஒரு முக்கியக் காரணம்.

5. அந்த இழை கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. அகலம் 10 நானோமீட்டர் அளவுதான். இழைகள் குவிந்து திட்டாகிவிட்டால், காங்கோ சிவப்பு என்ற சாயம் ஏற்றி முனைவாக்கிய ஒளியில் பார்க்கும்போது ஆப்பிள் பச்சையாக மின்னும். நோயியல் மருத்துவர்கள் அமிலாய்டை அடையாளம் காண்பது அப்படித்தான். தயோஃபிளாவின்-டி என்ற இன்னொரு சாயம் இழையின் மேல் ஒட்டியதும் ஒளிரும். ஆய்வகத்தில் இழை வளரும் வேகத்தை அளக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ‘ஓட்டை’ என்பது இழை இல்லை. நரம்பு செல்கள் வீங்கிச் சாகும்போது மூளைத் திசுவில் உண்டாகும் நுண்ணிய வெற்றிடங்கள் அவை. அவற்றைப் பார்க்கவும் நுண்ணோக்கி வேண்டும்.

6. முட்டை வெந்தா கெட்டியாகுதே டீச்சர், அதுவும் இதுதானே?

நல்ல கேள்வி, கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. முட்டை வேகும்போது புரதங்கள் அவிழ்ந்து, கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு தாறுமாறாகச் சிக்குகின்றன. அந்தச் சிக்கலில் ஒழுங்கு கிடையாது, அதனால் அது அச்சாக முடியாது. வெந்த முட்டையைப் பச்சை முட்டையில் போட்டால் பச்சை முட்டை வெந்துவிடாது. 3-ல் சொன்ன இழையில் ஒவ்வொரு அணுவும் கீழடுக்கின் அதே அணுவுக்கு நேர் மேலே இருக்கிறது. அந்த ஒழுங்குதான் அதைத் தொற்றவைக்கிறது.

ஆனாலும் ஒரு சுவையான செய்தி: முட்டை வெள்ளையில் இருக்கும் லைசோசைம் புரதத்தைத் தனியாகப் பிரித்து, கடும் அமிலத்தில் போட்டு நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் அமிலாய்டு இழை வளரும். கல்லூரி ஆய்வகங்களில் செய்துபார்க்கிறார்கள். எந்தப் புரதமும் வாய்ப்புக் கிடைத்தால் இழையாகக் கூடும் என்பது இன்றைய எண்ணம். பெரும்பாலானவற்றுக்கு அந்த வாய்ப்பு அமைவதில்லை.

7. குக்கர்ல ஆறு விசில் விட்டா செத்துடாதா?

சாவதற்கு அதற்கு உயிர் இல்லை. குக்கருக்குள் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் பாக்டீரியாவும் வைரஸும் ஒழிந்துவிடும். பிரியான் இழை ஒழியும் என்று நம்ப முடியாது. மருத்துவமனைகளில் இதற்கென்று அறுவைக் கருவிகளை 134 டிகிரி அழுத்த நீராவியில் 18 நிமிடம் வைக்கிறார்கள், அல்லது காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். ஸ்பிரிட்டால் துடைப்பது, புற ஊதா விளக்கு இரண்டும் உதவாது. ஃபார்மலினோ இன்னும் மோசம்; புரதத்தை இறுக்கிக் கட்டிப் பாதுகாத்துவிடுகிறது. ஒரு சோதனையில் 600 டிகிரியில் சாம்பலாக்கிய பிறகும் துளி நோய்த்திறன் மிச்சம் இருந்தது.

நம் செல்களுக்குள்ளும் இதே தொல்லைதான். புரதத்தை வெட்டும் நொதிகள் நல்ல வடிவத்தை முழுசாகத் தின்றுவிடும். இழையாக அடுக்கியிருப்பதன் மையப்பகுதியில் அவற்றின் பல் இறங்குவதில்லை.

8. அப்படின்னா ஆட்டு மூளை வறுவல் சாப்பிடலாமா கூடாதா? அதை மட்டும் சொல்லு தங்கச்சி.

சாப்பிடலாம். 7-ஐப் படித்துவிட்டுப் பயந்தவர்களுக்காகக் காரணத்தையும் சொல்கிறேன். குக்கரில் சாகாத பொருள் அந்த மூளையில் இருந்தால்தானே கவலை? ஆடுகளின் பிரியான் நோய் ஸ்கிரேப்பி. ஐரோப்பாவில் அதை 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிவார்கள். அத்தனை காலம் அந்த ஆடுகளைத் தின்ற மனிதர்களுக்கு அதனால் நோய் வந்ததாக ஆதாரம் இல்லை. இந்தியாவில் இமயமலைப் பக்கத்துச் செம்மறிகளிடம் 1961ல் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்து இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆடுகள் தரிசிலும் கருவேலங்காட்டிலும் மேய்ந்து வளர்பவை. எலும்புத்தூள் தீவனம் தின்று வளர்பவை இல்லை. அது ஏன் முக்கியம் என்று அடுத்த பதிலில் வரும்.

மூளை வறுவலில் நான் எச்சரிக்க விரும்புவது கொலஸ்ட்ராலைப் பற்றித்தான். இதய நோய் உள்ளவர் வாராவாரம் ஒரு தட்டு முடிப்பதற்கு முன் பிரியானை மறந்துவிட்டு டாக்டரைக் கேட்கலாம்.

9. மாட்டுக்குப் பைத்தியம் பிடிச்சதுன்னு இங்கிலாந்துல ஒரு பெரிய கூத்து நடந்துச்சே, அது என்ன கதை?

பால் மாடுகளுக்குப் புரதச் சத்து வேண்டும் என்று, இறைச்சிக் கழிவையும் எலும்பையும் அரைத்துத் தீவனத்தில் கலந்தார்கள். புல் தின்னும் பிராணிக்கு அதன் இனத்தையே அரைத்துக் கொடுத்தார்கள். நோய்பட்ட ஒரு மாட்டின் மூளை அந்த அரவையில் சேர்ந்தால் அது பல மாடுகளின் தொட்டிக்குப் போகும். அவை செத்து மறுபடி அரவைக்கு வரும். 1986ல் நோயை அடையாளம் கண்டார்கள். 1988ல் அசைபோடும் விலங்குகளுக்கு அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். அதற்குள் நோய் பரவிவிட்டது. பிரிட்டனில் மட்டும் உறுதியான மாடுகள் 1,80,000க்கும் மேல்.

மனிதருக்கு வராது என்று முதலில் உறுதி சொன்னார்கள். 1996ல் இளம் வயதினரிடம் ஒரு புது வகை மூளை நோய் தெரிந்தது. பிரிட்டனில் 178 பேர் அதில் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் அந்த இறைச்சியைத் தின்றும் எண்ணிக்கை இத்தனையோடு நின்றதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். மாட்டுப் புரதத்துக்கும் மனிதப் புரதத்துக்கும் அமினோ அமில வரிசை கொஞ்சம் வேறு. அச்சு சரியாகப் பொருந்தாததால் விதை பிடிப்பது கடினம். இது இனத் தடை. இன்னொன்று, நம் புரதத்தின் 129-வது இடம். அங்கே மெத்தியோனினோ வேலினோ இருக்கலாம். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் மெத்தியோனினே வந்தவர்கள்தான், மரபணு பார்க்கப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோரும்.

இந்தியாவில் மாடுகளிடம் இந்த நோய் பதிவானதில்லை. உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலில், ஆபத்து புறக்கணிக்கத்தக்க நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மாட்டுக்கறி சாப்பிடுபவர்களும் நிம்மதியாக இருக்கலாம்.

10. மீன்ல, கருவாட்டுல இருக்குமா?

மீனில் இயற்கையாக வந்த பிரியான் நோய் எதுவும் தெரியவில்லை. மீன்களிடமும் இந்தப் புரதத்தின் தூரத்துச் சொந்தங்கள் உண்டு, ஆனால் வரிசை நம்முடையதிலிருந்து மிகவும் விலகியது. ஐரோப்பாவில் கடல் மீன் வகை ஒன்றுக்கு நோய்பட்ட ஆடு மாட்டு மூளையைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் சில திட்டுகள் தெரிந்தன, மீனுக்கு நோய் அறிகுறி ஒன்றும் வரவில்லை. பாம்பன் சந்தையில் அப்படி மூளை தின்று வளர்ந்த மீன் வருவதில்லை. கருவாட்டில் பார்க்க வேண்டியது பூஞ்சையும் உப்பும்.

11. நான் சவுதியில பத்து வருசம் ஒட்டகக் கறி சாப்பிட்டிருக்கேன். அதுல வந்திருக்குமோ?

ஒட்டகத்திலும் பிரியான் நோய் உண்டு என்பது 2018ல்தான் தெரிந்தது. கண்டது அல்ஜீரியாவில். மனிதருக்குத் தாவியதாகப் பதிவு இல்லை. கீழக்கரையில் இதை என்னிடம் கேட்டவர் அடுத்து நேராக முழங்கால் வலிக்குப் போய்விட்டார், அதனால் நானும் இதோடு விடுகிறேன்.

12. கறியில இல்லைன்னா மனுசனுக்கு எங்கிருந்துதான் வருது?

பெரும்பாலும் எங்கிருந்தும் வருவதில்லை, தானாக உண்டாகிறது. மனிதரின் முக்கியப் பிரியான் நோய் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப், சுருக்கமாக சிஜேடி. அதில் சுமார் 85 சதவீதம் காரணம் சொல்ல முடியாமல் வருவது. 4-ல் சொன்ன அந்த முதல் விதை, வயதான மூளை ஒன்றில் தற்செயலாக அமைந்துவிடுகிறது. 10 முதல் 15 சதவீதம் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது. வெளியிலிருந்து தொற்றியது 1 சதவீதத்துக்கும் கீழே. உலகமெங்கும் பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் என்பது கணக்கு. 2011 கணக்கெடுப்புப்படி நம் மாவட்டத்தில் சுமார் 13.5 லட்சம் பேர். ஆக, வருடத்துக்கு ஒருவர் இருவருக்கு இங்கேயும் வரலாம். ‘பக்கவாதம்’, ‘மூளைக் காய்ச்சல்’ என்ற பேரில் அது கடந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

தின்று வந்த மனித நோய் என்றால், மாட்டுக் கதைக்கு முன்னால் ‘குரு’ (kuru) என்ற பிரியான் நோய். பப்புவா நியூ கினியில் ஃபோரே மக்கள், இறந்த உறவினரின் உடலை மரியாதையாக உண்ணும் சடங்கு வைத்திருந்தார்கள். மூளை பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் போனது, நோயும் அவர்களுக்கே அதிகம் வந்தது. 1950களின் இறுதியோடு சடங்கு நின்றது. ஆனாலும் ஐம்பது வருடம் கழித்து நோய் கண்டவர்கள் உண்டு. விதை அத்தனை பொறுமையானது.

13. எங்க மாமியாருக்கு மறதி ஜாஸ்தியாகிட்டே போகுது. இதுவா இருக்குமோ?

வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும் மறதி என்றால் பெரும்பாலும் இது இல்லை. சிஜேடி வாரக்கணக்கில் ஓடும். போன மாதம் கடைக்குப் போய் வந்தவர் இந்த மாதம் தடுமாறி நடப்பார், கை கால் திடுக் திடுக்கென்று துள்ளும், பார்வை குழம்பும், பேச்சு நிற்கும். அறிகுறி தெரிந்ததிலிருந்து பாதிப் பேர் சுமார் ஐந்து மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். ஒரு வருடத்தைத் தாண்டுபவர் குறைவு.

அப்படி வேகமாக ஒருவர் மாறினால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எதிர்ப்பு சக்தி தன் மூளையையே தாக்கும் ஒரு வகை மூளையழற்சி, ஏறக்குறைய இதே அறிகுறிகளோடு வரும். அதற்கு மருந்து இருக்கிறது, குணமாகவும் செய்யலாம். ‘வயசாச்சு’ என்று வீட்டில் வைத்திருப்பதுதான் பெரிய தப்பு. எம்ஆர்ஐ படத்தில் சிஜேடிக்கு உரிய பிரகாசத் திட்டுகள் தெரியும். முதுகுத் தண்டு நீரில் ஆர்டி-குவிக் என்ற சோதனை செய்வார்கள். ஆய்வகத்தில் செய்த நல்ல பிரியான் புரதத்தில் நோயாளியின் முதுகு நீரைத் துளி விட்டுக் குலுக்குவார்கள். நீரில் விதை இருந்தால் இழை வளரும், 5-ல் சொன்ன சாயம் ஒளிரும். நோய் பெருகும் வழியையே சோதனைக்குழாய்க்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இந்த முழுத் துறையிலும் மிகவும் பிடித்தது இதுதான்.

14. அந்த நோயாளியைத் தொட்டா ஒட்டிக்குமா? மௌத்தானா குளிப்பாட்டலாமா?

தொடுவது, ஊட்டுவது, ஒரே வீட்டில் படுப்பது எதனாலும் ஒட்டாது. நோயாளியைத் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. இறந்த பின் குளிப்பாட்டுவதும் கஃபன் இடுவதும் வழக்கம்போல் செய்யலாம், கையுறை போட்டுக்கொண்டால் போதும். பிரேதப் பரிசோதனையில் தலை திறக்கப்பட்டிருந்தால் மட்டும் மருத்துவமனை சொல்லும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

ஆபத்து இருப்பது மூளை, முதுகுத் தண்டு, கண்ணின் பின்பக்கம் ஆகிய திசுக்களில். முன்பு இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன், மூளை உறை ஒட்டு, அறுவைக் கருவிகள் ஆகியவற்றால் சிலருக்கு வந்திருக்கிறது. அந்த ஹார்மோன் 1985ல் கைவிடப்பட்டது. இப்போது ஊசியில் போடுவது ஆய்வகத்தில் செய்தது.

15. அல்சைமர்லயும் அமிலாய்டு, சர்க்கரையிலயும் அமிலாய்டுன்னு யூடியூப்ல சொல்றாங்க. அப்போ சுகரும் தொத்து நோயா?

இல்லை, தொற்றாது. அமிலாய்டு என்பது ஒரு கட்டுமான முறை. பல புரதங்கள் அந்த முறையில் அடுக்கிக்கொள்கின்றன. அல்சைமரில் பீட்டா அமிலாய்டு, பார்க்கின்சனில் ஆல்ஃபா சினூக்ளின், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கணையத்தில் அமிலின். எல்லாவற்றிலும் விதை, அச்சு, இழை என்ற 4-வது பதிலின் கதை உண்டு. ஒரே மூளைக்குள் செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுவதும் உண்டு. ஆளிடமிருந்து ஆளுக்குச் சாதாரணப் பழக்கத்தில் போவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: 14-ல் சொன்ன பழைய வளர்ச்சி ஹார்மோனைச் சிறுவயதில் பெற்ற ஐந்து பேருக்குப் பிற்காலத்தில் அல்சைமர் வந்தது என்றும், அந்த ஊசியில் பீட்டா அமிலாய்டு விதை இருந்ததே காரணம் என்றும் 2024ல் லண்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்று அந்த மருந்தே இல்லை.

இன்சுலின் போடுபவர்களுக்கு இதில் உருப்படியான பாடம் ஒன்று இருக்கிறது. இன்சுலினும் ஒரு புரதம், அதுவும் இழையாகும். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் அமிலாய்டுக் கட்டி உருவாகலாம், அங்கே போடும் மருந்து சரியாக ரத்தத்தில் சேராது. இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

16. அப்போ அமிலாய்டுன்னாலே விஷம்தானா?

இராமேசுவரத்தில் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டுபவர்களிடம் கேளுங்கள், அமிலாய்டு எவ்வளவு உறுதியான சாமான் என்று சொல்வார்கள். பேர் தெரியாமலே அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். படகில் ஒட்டும் கொட்டலசு தன்னை ஒட்டவைக்கச் சுரக்கும் பசையில் அமிலாய்டு வகை இழைகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீரிலும் அலையிலும் விடாமல் பிடிக்கும் அந்தப் பிடிப்பில் அவற்றுக்கும் பங்கு உண்டு. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா தன் கூட்டைக் கட்ட அமிலாய்டு இழையை நூற்கிறது. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின், செல்லுக்குள் ஒரு அமிலாய்டுச் சாரத்தின் மேல்தான் படிகிறது. சில ஹார்மோன்களை பிட்யூட்டரி சேமித்துவைப்பதும் அமிலாய்டாகத்தான்.

இவையெல்லாம் உடல் தானே விரும்பி, நேரம் பார்த்து, இடம் பார்த்துச் செய்பவை. பிரியானுக்கு அந்தக் கடிவாளம் இல்லை.

17. மேம், டிஎன்ஏ இல்லாம ‘ஸ்ட்ரெயின்’ எப்படி வரும்? ஒரே புரதம்னா ஒரே நோய்தானே வரணும்?

கல்லூரிப் பிள்ளைகள் சரியாக இந்த இடத்தில் மாட்டுவார்கள். ஸ்ட்ரெயின் என்றால் ஒரே நோய்க்காரணியின் குணம் வேறுபட்ட வகை. ஒரே எலி இனத்துக்கு இரண்டு விதமான பிரியானைக் கொடுத்தால், ஒன்று சீக்கிரமும் இன்னொன்று தாமதமாகவும் கொல்லும், மூளையில் வேறு வேறு பகுதியைத் தாக்கும். அந்த எலியிலிருந்து அடுத்த எலிக்கு மாற்றினாலும் குணம் மாறாது. வரிசை ஒன்றே. பிறகு தகவல் எங்கே இருக்கிறது? மடிப்பில். ஒரே சங்கிலியை இழையாக அடுக்க ஒரே ஒரு வழிதான் என்று இல்லை, பல வழிகள் உண்டு. எந்த வழியில் விதை அமைந்ததோ, அதையே அச்சு எடுத்துக்கொண்டு போகிறது. இப்போது வெவ்வேறு ஸ்ட்ரெயின் இழைகளின் அமைப்புகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, வளைவுகள் வேறுபடுவதைப் பார்த்தே விட்டார்கள். 3-ல் சொன்ன தட்டையான அடுக்கு எல்லாவற்றிலும் உண்டு, அதன் ஓரங்களும் மடக்குகளும்தான் வேறு.

ஈஸ்டிலும் இப்படி உண்டு. புரதத்தின் வடிவம் தாய் செல்லிலிருந்து மகள் செல்லுக்குச் சொத்துபோல் இறங்குவதை 1994ல் ரீட் விக்னர் காட்டினார். அங்கே அது நோயாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

18. இழைதானே நரம்பைக் கொல்லுது? இழையைக் கரைச்சா நோய் போயிடுமா?

கேட்க நேராகத்தான் இருக்கிறது, விடை நேராக இல்லை. கொழுப்பு நங்கூரம் இல்லாத பிரியான் புரதத்தை மட்டும் செய்யும் எலிகளை உருவாக்கி நோய் கொடுத்தார்கள். மூளை முழுக்க அமிலாய்டுத் திட்டுகள் நிறைந்தன, எலிகளோ வழக்கமான நோய் இல்லாமல் நடமாடின. இன்னொரு சோதனையில், நோய் தொடங்கிய எலிகளின் நரம்பு செல்களில் மட்டும் பிரியான் புரதம் செய்வதை நிறுத்தினார்கள். பிரியான் வேறு செல்களில் சேர்ந்துகொண்டே போயும், நரம்புகள் தேறின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நரம்பு செல்லின் மேல் நங்கூரமிட்டு நிற்கும் நல்ல புரதம் இல்லாமல் நஞ்சு வேலை செய்வதில்லை. கெட்டது நல்லதைப் பிடித்து உலுக்குவதில்தான் கேடு இருக்கிறது என்று தோன்றுகிறது.

அளவும் முக்கியம். நீளமான இழைகளைவிட, 14 முதல் 28 மூலக்கூறுகள் கொண்ட சிறு துண்டுகள்தான் எடைக்கு எடை அதிகம் தொற்றவைக்கின்றன. பெரிய இழையைக் கரைக்கிறேன் என்று போய் அதைத் துண்டு துண்டாக்கினால், 4-ல் பார்த்தபடி முனைகள்தான் கூடும்.

19. மருந்தே இல்லையா?

இன்றைக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மலேரியாவுக்குப் பயன்பட்ட குவினாக்ரின் முயன்று பார்த்துத் தோற்றது. லண்டனில் ஆறு நோயாளிகளுக்கு நல்ல புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஏற்றினார்கள். பாதுகாப்பாக இருந்தது, உயிரைக் காக்கவில்லை. இப்போது நம்பிக்கை வைத்திருப்பது 2-லும் 18-லும் சொன்னதன் மேல்: நல்ல புரதம் இல்லாமலும் வாழலாம், அது இல்லாவிட்டால் நஞ்சுக்கு இடமில்லை. அந்த மரபணுவின் ஆர்என்ஏவைப் பிடித்து அழித்து, புரதம் உண்டாவதையே குறைக்கும் மருந்தை முதுகுத் தண்டில் செலுத்திப் பார்க்கும் மனிதச் சோதனை 2024ல் தொடங்கியது.

20. எங்க சித்தப்பாவுக்கு இது வந்துச்சு டீச்சர். எங்களுக்கும் வருமா?

அநேகமாக வராது. 12-ல் சொன்ன கணக்குப்படி பெரும்பாலான நோயாளிகளுக்கு இது பரம்பரையாக வந்தது இல்லை. சித்தப்பா மட்டும், அதுவும் அறுபது வயதுக்கு மேல் என்றால் கவலை இன்னும் குறைவு. அதே வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை ஐம்பது வயது வாக்கில் இப்படி இறந்திருக்கிறார்கள், அல்லது ஒருவர் மாதக்கணக்கில் தூக்கமே இல்லாமல் போய் இறந்திருக்கிறார் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் அந்த வம்ச விவரத்தை முழுசாகச் சொல்லுங்கள். தூக்கம் போகும் வகை, 178-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதாலும், 9-ல் சொன்ன அதே 129-வது இடத்தில் மெத்தியோனின் இருப்பதாலும் வருவது.

ரத்தத்தில் பிஆர்என்பி மரபணுவைப் பரிசோதிக்க முடியும். மாற்றம் இருந்தால் பிள்ளைகளுக்கு இறங்க 50 சதவீத வாய்ப்பு. சோதனை எடுப்பதற்கு முன் மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுவது அவசியம், ஏனென்றால் முடிவு தெரிந்தபின் தெரியாததுபோல் இருக்க முடியாது. கல்யாணம் பேசும் நேரத்தில் அடுத்தவர் வற்புறுத்தலுக்காக இந்தச் சோதனையை எடுக்காதீர்கள். எடுப்பதும் விடுவதும் அவரவர் முடிவு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு எடுக்கவே வேண்டாம்.